அண்ணன் லீவில் வருகிறார், அம்மா நோட்டு போட்டுவிட்டார்

தம்பிக்காரன்:
எங்கள் அண்ணன் கத்தோலிக்கக் குருவானவர். குருப்பட்டம் வாங்கிப் பதினோரு வருஷம் ஆகிறது. தூரத்தில் வேறு ஆயரின் (பிஷப்) மறைமாவட்டத்தில் ஒரு பங்குக் கோயிலைப் பார்த்துக்கொள்கிறார், சொந்த ஊருக்கு வந்தே மூன்று வருஷம் இருக்கும். அடுத்த மாதம் பத்து நாள் லீவில் வருகிறேன் என்று போன் செய்தார். அன்றைக்கே அம்மா ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நேற்று அவர் தூங்கின பிறகு அதைப் புரட்டிப் பார்த்தேன். மந்திரித்து ஆசீர்வதிக்க வேண்டிய வீடுகள் பதினாறு. ஞானஸ்நானம் இரண்டு. சித்தி மகளுக்குக் கல்யாணப் பூசை. படுத்த படுக்கையாக இருக்கிற ஏழு பேருக்கு வீட்டிலேயே நற்கருணை (பூசையில் கொடுக்கிற அப்பம்). அப்பாவின் நினைவுப் பூசை. அதோடு ஞாயிறு பூசையில் பிரசங்கம் அண்ணன்தான் வைக்க வேண்டும் என்று அடிக்கோடு வேறு. பத்து நாளும் நிரம்பிவிட்டது. ஒரு நாளுக்கு நேராகக்கூட "வீட்டில்" என்று இல்லை.

போன முறை அவரைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வரும்போதுதான் உறைத்தது, வந்ததிலிருந்து நானும் அவரும் ஐந்து நிமிஷம்கூடத் தனியாகப் பேசவில்லை. அம்மாவிடம் இதைச் சொன்னால், "பின்ன அவன் சாமியாராப் போனது எதுக்கு?" என்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. இந்த நோட்டை எப்படிக் குறைப்பது? வீட்டில் குருவானவர் இருக்கிற யாராவது சொல்லுங்கள்.

கடைசி பெஞ்சு:
நோட்டைத் தொலைத்துவிடுங்கள். அம்மா தேடட்டும். அந்தோணியாரிடம் வேண்டிக்கொள்ளச் சொல்லுங்கள், தொலைந்ததைத் தேடித் தருவது அவர் வேலை, பத்து நாள் அதில் ஓடிவிடும்.

சட்டப்புத்தகம்:
சிரிப்புக்குப் பிறகு காரியத்துக்கு வருகிறேன். நோட்டில் பாதியை அடிக்கத் திருச்சபைச் சட்டமே உதவும். இப்போது நடைமுறையில் இருப்பது 1983-இல் வந்த சட்டத்தொகுப்பு. அதன் 862-ஆம் எண் என்ன சொல்கிறது என்றால், அவசர நிலை தவிர, வேறொருவரின் எல்லைக்குள் போய் அனுமதியில்லாமல் ஞானஸ்நானம் கொடுக்கக் கூடாது. உங்கள் அண்ணன் அந்த ஊரில் பிறந்தவர்தான், ஆனால் அங்கே இப்போது அவர் விருந்தாளி. ஊர்ப் பங்குச்சாமியாரிடம் யாராவது கேட்டார்களா?

கல்யாணம் இன்னும் சிக்கல். ஞானஸ்நானத்தை அனுமதியில்லாமல் கொடுத்தால் அது முறைகேடு, ஆனாலும் செல்லும். கல்யாணத்தை அந்த ஊர்ப் பங்குச்சாமியாரோ ஆயரோ அதிகாரம் கொடுக்காமல் நடத்திவைத்தால் கல்யாணமே செல்லாது (1108, 1111). சொந்த அண்ணன், ஊர்க்காரர், எல்லோருக்கும் தெரிந்த முகம் என்பதெல்லாம் கணக்கில் வராது. ஒரு துண்டுச் சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இது நடக்காத கதை இல்லை, பல வருஷம் கழித்துப் பதிவேட்டைத் திறக்கும்போதுதான் தெரியவரும், அப்போது அந்தக் குடும்பம் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காது.

பாவசங்கீர்த்தனம் (ஒருவர் தன் பாவத்தைக் குருவானவரிடம் சொல்லி மன்னிப்புப் பெறுவது) கேட்பதற்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. தன் மறைமாவட்டத்தில் அந்த அதிகாரம் நிரந்தரமாக இருக்கிற குருவானவர் எங்கேயும் கேட்கலாம், அந்த இடத்து ஆயர் குறிப்பிட்டுத் தடுத்தால் ஒழிய.

தம்பிக்காரன்:
பங்குச்சாமியாரிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவே இல்லை. நம் வீட்டுப் பிள்ளை, நம் கோயில் என்றுதான் இருந்துவிட்டோம்.

பழைய பங்குச்சாமி:
நான் ஓய்வு பெற்ற குருவானவன். பட்டம் வாங்கி நாற்பத்து மூன்று வருஷம். நீங்கள் சொல்கிற அந்த நோட்டு எங்கள் வீட்டிலும் இருந்தது, எங்கள் அம்மா காலண்டரின் பின்பக்கத்தில் எழுதுவார். அதனால் உங்கள் அண்ணன் இருக்கிற பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

பட்டம் வாங்கின முதல் இரண்டு வருஷம் அந்த வரவேற்பு பிடித்திருந்தது, பொய் சொல்லக் கூடாது. சின்ன வயதில் நம்மைக் காதைப் பிடித்துத் திருகினவர் நம் முன்னால் முழங்காலில் நின்று ஆசீர் வாங்கும்போது தலை கொஞ்சம் கனக்கத்தான் செய்யும். அப்புறம் அது போய்விட்டது. எனக்கு அது போன நாள்கூட ஞாபகம் இருக்கிறது. லீவில் போனபோது நான் படுக்கிற கட்டில் அந்த அறையில் இல்லை, அங்கே தம்பி மனைவியின் தையல் மெஷின் இருந்தது. அதில் தப்பே இல்லை, வருஷத்தில் ஒரு வாரம் வருகிறவனுக்காக யார் கட்டிலைப் போட்டு வைப்பார்கள்? ஆனால் முன்னறையில் எனக்குப் புதுப் போர்வை, புதுத் தலையணை, புதுத் துண்டு, எல்லாம் விருந்தாளிக்கு எடுத்து வைப்பதுபோல வைத்திருந்தார்கள். அந்தத் துண்டில் கடைக்காரர் ஒட்டின சீட்டுகூடக் கிழியவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பழைய கிழிந்த துண்டைக் கொடுத்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

அம்மா வெளியாட்கள் முன்னால் என்னை "ஃபாதர்" என்பார், அடுப்படிக்குள் போனதும் "ஏலே" என்பார். வெளியாட்கள் போகவே மாட்டார்கள், அதுதான் தொல்லை.

பிரசங்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வேறு எந்த ஊரிலும் எனக்குப் பீடத்தில் நாக்கு வறண்டதில்லை. சொந்த ஊரில் வறளும். மாற்கு நற்செய்தி 6-ஆம் அதிகாரத்தை எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன், "இவர் தச்சர் அல்லவா, மரியாவின் மகன்தானே" என்று இயேசுவைப் பற்றி அவர் சொந்த ஊரான நாசரேத்துக்காரர்கள் கேட்கிற இடம். அதைவிட எனக்கு உறுத்துகிற வசனம் கொஞ்சம் தள்ளி வருகிறது: அங்கே அவரால் வல்ல செயல் எதுவும் செய்ய முடியவில்லை, சில நோயாளிகள் மேல் கை வைத்துக் குணமாக்கியது தவிர. ஆண்டவருக்கே சொந்த ஊரில் அவ்வளவுதான் முடிந்தது. உங்கள் அம்மாவோ பத்து நாளில் பதினாறு வீடு போட்டிருக்கிறார்.

கடைசி பெஞ்சு:
ஃபாதர், மரியாதையோடு ஒன்று சொல்கிறேன். எல்லோரும் உங்களைப்போல இல்லை. எங்கள் குடும்பத்தில் ஒருவர் இருக்கிறார், லீவுக்கு வந்தால் வீட்டில் மற்ற எல்லோருக்கும் லீவு ரத்து. எந்த நேரமும் அவரைச் சுற்றி ஒரு கூட்டம், அவர் உட்கார்ந்தால் மற்றவர்கள் நிற்க வேண்டும். போன வருஷம் எங்கள் பெரியப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார், இவர் ஒரே ஒரு தடவை வந்து, தலையில் கை வைத்து, ஜெபம் சொல்லி, இரண்டு நிமிஷத்தில் கிளம்பிவிட்டார். வெளியே கார் காத்திருந்தது. பெரியப்பா அவரைத் தூக்கி வளர்த்தவர். அவருக்கு வேண்டியிருந்தது ஜெபம் இல்லை, பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்கிற ஒரு ஆள். தம்பிக்காரரே, நோட்டு போடுவது உங்கள் அம்மாவாக இருக்கலாம். அண்ணனுக்கும் அது வசதியாக இருக்கிறதா என்று பாருங்கள். பதினாறு வீடு ஏறி இறங்கினால் சொந்த வீட்டில் உட்கார வேண்டியதில்லை.

பழைய பங்குச்சாமி:
இதற்கு எனக்குக் கோபம் வர வேண்டும், வரவில்லை. நீங்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஜெபம் சொல்ல எங்களுக்குப் பழக்கம் இருக்கிறது, சும்மா உட்காரப் பழக்கம் இல்லை. குருமடத்தில் அதற்குப் பாடமும் கிடையாது.

சிஸ்டரின் அக்கா:
இத்தனை பேர் எழுதிவிட்டீர்கள், நான் இன்னொரு பக்கத்தைச் சொல்கிறேன். என் தங்கை கன்னியாஸ்திரி. இருபது வருஷமாக இருக்கிறாள், நர்ஸ் வேலை, இரவு ஷிப்ட் பார்த்துப் பார்த்துக் கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடக்கும். அவள் லீவில் வந்தால் நோட்டும் இல்லை ஒன்றும் இல்லை. ஊர்ச் சாமியார் பிள்ளை வந்தால் வாசல் வரை கூட்டம், சிஸ்டர் வந்தால் "வாம்மா, உங்க அம்மாவைக் கொஞ்சம் கவனிச்சுக்க, உன் அக்காவுக்கும் ரெஸ்ட் கிடைக்கும்" என்று ஆளாளுக்கு அறிவுரை. வந்த அன்றே அம்மாவைக் குளிப்பாட்டுகிறாள். ஆனால் ஒன்று. அவளும் நானும் இரவு ஒரு மணி வரை பேசுவோம். யாரும் கூப்பிட மாட்டார்கள். தம்பிக்காரர் எழுதியதைப் படித்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய சொத்து என்று தெரிகிறது.

பழைய பேப்பர்:
வரலாற்றுப் பைத்தியம் நான், பொறுத்துக்கொள்ளுங்கள். இதே சிக்கல் பாப்பரசர்களுக்கு இன்னும் பெரிதாக வந்திருக்கிறது.

பத்தாம் பயஸ் வெனிஸ் நகரத்துப் பிதாப்பிதாவாக (அந்த ஊர்ப் பேராயருக்கு அப்படிப் பட்டம்) இருந்தவர். 1903-இல் புதுப் பாப்பரசரைத் தேர்ந்தெடுக்க ரோமுக்குப் போகும்போது திரும்பி வரவும் சேர்த்தே ரயில் டிக்கெட் எடுத்துக்கொண்டு போனார் என்பார்கள். அவரையே தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் இத்தாலி அரசோடு இருந்த தகராறில் பாப்பரசர்கள் வத்திக்கானை விட்டு வெளியே வருவதே இல்லை, அந்தத் தகராறு 1929-இல்தான் தீர்ந்தது. அவர் 1914-இலேயே இறந்துபோனார். வெனிசுக்கு அவர் திரும்பியது 1959-இல், உடலாக.

அவரை அப்படி வெனிசுக்கு அனுப்பிவைத்த இருபத்து மூன்றாம் ஜான் கதையும் அதேதான். சோத்தோ இல் மோந்தே என்ற சின்ன ஊரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், ஆயராக இருந்தபோதும் கர்தினாலாக இருந்தபோதும் கோடை லீவுக்கு அங்கேதான் போவார். 1958-இல் பாப்பரசரானார், அதோடு ஊர் முடிந்தது. 2018-இல் அவர் உடலைத்தான் கொஞ்ச நாள் அந்த ஊருக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். பிரான்சிஸ் 2013-இல் தேர்வானார், 2025-இல் இறக்கும் வரை சொந்த நாடான அர்ஜென்டினாவுக்கு ஒரு தடவைகூடப் போகவில்லை. ஆனால் 2022 நவம்பரில், ஒன்றுவிட்ட அக்கா ஒருவரின் தொண்ணூறாவது பிறந்தநாளுக்காக இத்தாலியில் ஆஸ்தி என்ற ஊர்ப் பக்கம் போய் வந்தார், அவருடைய அப்பா வழிப் பூர்வீகம் அது.

போனவர்களும் உண்டு. இரண்டாம் ஜான் பால் போலந்தில் தான் பிறந்த வாடோவிச்சேவுக்குப் பாப்பரசராக மூன்று முறை போனார், 1979, 1991, 1999. கடைசி முறை எழுதி வைத்த பேச்சை விட்டுவிட்டு, பள்ளிக்கூடப் பரீட்சை முடிந்ததும் கூட்டாளிகளோடு தின்ற கிரீம் கேக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார், கூட்டம் ஆர்ப்பரித்தது. எனக்கு அதைப் படித்தால் சிரிப்பு வருவதில்லை. எட்டு வயதில் அம்மா போய்விட்டார், பன்னிரண்டில் அண்ணன், இருபதில் அப்பா. வீடு இருந்தது, எதிரே கோயில் இருந்தது, உள்ளே "வாடா" என்று சொல்ல ஆள் இல்லை. கேக்கைத் தவிர வேறு எதைப் பற்றிப் பேசுவார்?

எனக்குப் பிடித்தது பதினாறாம் பெனடிக்ட் கடைசியாகப் போன பயணம். அவரும் அவருடைய அண்ணன் கேயோர்க்கும் 1951 ஜூன் 29 அன்று ஒரே நாளில் குருப்பட்டம் வாங்கினவர்கள். பதவி விலகி ஏழு வருஷம் கழித்து, 2020 ஜூனில், கொரோனா நேரத்தில், தொண்ணூற்று மூன்று வயதில் விமானம் ஏறி ஜெர்மனியில் ரேகன்ஸ்பூர்குக்குப் போனார். அங்கே நான்கு நாள் இருந்தார். அப்பா அம்மா கல்லறைக்குப் போனார். ஆனால் போனது அண்ணனுக்காக. திரும்பி வந்த பத்து நாளைக்குள், ஜூலை 1 அன்று, அண்ணன் இறந்துவிட்டார். பெனடிக்டின் நோட்டில் ஒரே ஒரு வீடுதான் இருந்தது.

கடைசி பெஞ்சு:
இவ்வளவு நேரம் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தேன், பழைய பேப்பர் வாயை அடைத்துவிட்டார்.

தம்பிக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக ஒன்று எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். எழுதிவிடுகிறேன்.

அம்மாவின் நோட்டைப் பற்றித்தான் புகார் சொன்னேன். என் கையில் தனியாக ஒரு சீட்டு இருக்கிறது. தொழிலுக்கு ஒரு கடன் வாங்க வேண்டும், ஜாமீன் கையெழுத்துப் போட ஆள் வேண்டும். குருவானவர் கையெழுத்து என்றால் ஒரு மதிப்பு இருக்கும் என்று நினைத்தேன். தனியாகப் பேச நேரம் கிடைக்கவில்லை என்று எழுதினேன் அல்லவா, அந்த நேரம் எனக்கு எதற்கு வேண்டியிருந்தது என்று இதையெல்லாம் படிக்கும்போது எனக்கே சந்தேகமாகிவிட்டது. பாதி அதற்கு, பாதி இதற்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டப்புத்தகம்:
வெளிப்படையாக எழுதியதற்கு மரியாதை. இதற்கும் எண் இருக்கிறது, 285-இல் நான்காவது உட்பிரிவு. தன் சொந்தச் சொத்தை வைத்து என்றாலும், தன் ஆயரைக் கலந்துகொள்ளாமல் குருவானவர் யாருக்கும் ஜாமீன் நிற்கக் கூடாது. நீங்கள் கேட்டால் அவருக்கு இரண்டே வழி. "முடியாது" என்று தம்பியிடம் சொல்ல வேண்டும், இல்லை தம்பியின் கடன் விவகாரத்தை ஆயர் மேசைக்குக் கொண்டுபோக வேண்டும். லீவுக்கு வந்தவருக்கு இரண்டும் கஷ்டம்.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. மறைமாவட்டக் குருவானவர்கள் ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுப்பதில்லை, அது துறவற சபைக்காரர்களுக்கு. ஆகவே உங்கள் அண்ணனுக்குச் சொத்து இருக்கலாம், பங்கும் வரலாம். "சாமியாருக்கு எதுக்குச் சொத்து" என்று வீட்டில் யாராவது பத்திரம் தயார் பண்ணிக்கொண்டிருந்தால் அதையும் நோட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தம்பிக்காரன்:
பத்திரம் எதுவும் இல்லை சார், சத்தியமாக.

பழைய பங்குச்சாமி:
தம்பி, எல்லோரும் வழி சொல்லிவிட்டார்கள். நோட்டைக் குறைப்பது எப்படி என்று இத்தனை பேரிடம் கேட்டீர்களே, அண்ணனிடம் கேட்டீர்களா?

அவர் பங்கில் அவரைப் பார்க்கிற எல்லோரும் ஏதாவது ஒன்று கேட்கத்தான் வருவார்கள். பூசைக் கருத்து, சான்றிதழ், பள்ளிக்கூடத்துக்கு ஒரு சிபாரிசு. போன் அடித்தாலே என்ன வேண்டும் என்றுதான் மனம் கேட்கும். எனக்கு வீட்டிலிருந்து போன் வந்தாலும் அப்படித்தான் இருந்தது, வெட்கமாக இருக்கிறது சொல்ல. ஒன்றும் கேட்காமல் ஒரு தடவை போன் போட்டுப் பாருங்கள்.

அப்புறம் நடைமுறை யோசனை ஒன்று. லீவில் இருக்கிற குருவானவர் வீடு வீடாகப் போக வேண்டியதில்லை. ஒரு நாள் காலையில் பங்குச்சாமியார் அனுமதியோடு கோயிலில் ஒரு பூசை, வர முடிந்தவர்கள் எல்லோரும் அங்கே வரட்டும், முடிந்ததும் எல்லோருக்கும் சேர்த்து ஆசீர். வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டியவர்கள் அந்தப் படுக்கையில் இருக்கிற ஏழு பேர் மட்டும். அவர்களைக் குறைக்காதீர்கள். நாசரேத்திலும் அது மட்டும் நடந்தது.

தம்பிக்காரன்:
போன் போட்டேன். எடுத்ததும் "என்னடா, அம்மாவுக்கு ஏதாவதா?" என்றார். ஒன்றும் இல்லை, சும்மாதான் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு "சும்மாவா?" என்றார். நாற்பது நிமிஷம் பேசினோம். நோட்டைப் பற்றிச் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தார். கடனைப் பற்றி நானே சொல்லி, "உன்கிட்ட கேக்கலாம்னு இருந்தேன், கேக்கல" என்றும் சொல்லிவிட்டேன். "கேட்டிருந்தா கஷ்டமா இருந்திருக்கும்டா" என்றார். அவ்வளவுதான். மற்றதை அவர் வந்து போன பிறகு எழுதுகிறேன்.

சிஸ்டரின் அக்கா:
கண்டிப்பாக எழுதுங்கள். பாதியில் விட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் இங்கே அதிகம்.

தம்பிக்காரன்:
ஐந்து வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். அண்ணன் வந்து போய்விட்டார்.

பங்குச்சாமியாரை வந்த அன்றே போய்ப் பார்த்தார். கல்யாணத்துக்கு எழுத்தில் அதிகாரம் வாங்கியாயிற்று, சட்டப்புத்தகத்துக்கு நன்றி. ஞானஸ்நானத்தைப் பங்குச்சாமியாரே கொடுத்தார், அண்ணன் பக்கத்தில் நின்றார், அம்மாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம். கோயிலில் ஒரே பூசை, ஒரே ஆசீர். ஏழு பேரையும் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார், நானும் கூடப் போனேன். ஒரு தாத்தா நற்கருணை வாங்கின பிறகு அண்ணன் கையை விடவே இல்லை, அண்ணனும் எழுந்திருக்கவில்லை. வெளியே வரும்போது இருட்டிவிட்டது. மூன்று வீட்டுக்காரர்கள் மந்திரிக்க வரவில்லை என்று கோபித்துக்கொண்டார்கள், அது சரியாக இன்னும் நாளாகும். பழைய துண்டுதான் கொடுத்தேன், பழைய பங்குச்சாமி ஃபாதரிடம் சொல்ல வேண்டும்.

எட்டாவது நாள் குளியலறைக் குழாய் ஒழுக ஆரம்பித்தது. ஆளைக் கூப்பிடலாம் என்றேன், வேண்டாம் நாமே பார்ப்போம் என்று அண்ணன் பனியனோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் டார்ச் பிடித்தேன். அப்பாவின் ஸ்பேனர் துருப்பிடித்துத் திருகவே இல்லை, திருகினதும் தண்ணீர் பீய்ச்சி அடித்து இரண்டு பேரும் தொப்பலாக நனைந்துவிட்டோம், யார் மெயின் வால்வை மூடியிருக்க வேண்டும் என்று சின்ன வயதில் சண்டை போட்ட மாதிரியே சண்டை. அந்த நேரம் பார்த்து வாசலில் யாரோ "ஃபாதர் இருக்காரா?" என்றார்கள். அம்மா போய்க் கதவைப் பாதி திறந்து, கூசாமல் "தூங்குறாரு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். அம்மா உள்ளே வந்து, "சிரிக்காத. இந்தப் பாவத்தையும் நீயே கேட்டுக்க" என்றார். அதற்கு அவர், "வேற சாமியார்கிட்ட போம்மா, நானும் இதுல கூட்டு" என்றார்.

கடன் வேறு வழியில் கிடைத்துவிட்டது.

கடைசி பெஞ்சு:
குழாய் சரியானதா இல்லையா, அதைச் சொல்லவில்லையே?

தம்பிக்காரன்:
ஒழுகுகிறது. அண்ணனிடம் சொல்லவில்லை.